வீடு வாங்கும் முன் – 11: 'வளர்ந்து வரும் ஏரியா' என்பது யார் கணக்கு?

சென்ற வாரம் வரை பத்திரங்களோடு மல்லுக்கட்டினோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகார வரைபடம் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். காகிதம் சுத்தம், ஊர் எப்படி? வீடு தேடும் நடுத்தரக் குடும்பங்கள் இதற்கு மூன்று வழிகளில் பதில் தேடுகின்றன. சொந்தக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா, வேலைக்குப் போய்வர வசதியா, புரோக்கர் சொல்வதுபோல 'வளர்ந்து வரும் ஏரியா'தானா. முதல் இரண்டும் அவரவர் சௌகரியம். அதில் வெளியாள் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதைச் சரிபார்க்க முடியும். ஒரு பகுதி வளர்கிறதா, எந்த வகையில் வளர்கிறது, அந்த வளர்ச்சியால் அங்கே வீடு வாங்குபவருக்கு லாபமா இடைஞ்சலா என்பதற்கெல்லாம் எண்கள் இருக்கின்றன. அரசே அவற்றைத் திரட்டி இலவசமாகவும் தருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பள்ளித் தேர்வோடு மறந்துவிட்ட நமக்கு, வாழ்நாளின் மிகப் பெரிய செலவைச் செய்யும் நேரத்தில் அதைப் புரட்டத் தோன்றுவதில்லை. புரட்டுகிற சிலரும் தவறான பத்தியைப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள் என்பது என் வாதம். வளர்ச்சி சதவீதம் என்ற ஒற்றை எண்ணைவிட, குடும்பங்களின் எண்ணிக்கையும் காலி வீடுகளும் வயதும் தண்ணீரும் வீடு வாங்குபவருக்கு அதிகம் சொல்லும்.

முதலில் புரோக்கர் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம். 2001-ல் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சம், 2011-ல் 46.5 லட்சம். பத்து ஆண்டுகளில் கூடியது 3 லட்சம், அதாவது 7 சதவீதம். அதே பத்தாண்டில் அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கும், திருவள்ளூர் 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சத்துக்கும் ஏறின. காஞ்சிபுரத்தின் வளர்ச்சி 39 சதவீதம், திருவள்ளூரின் வளர்ச்சி 35 சதவீதம். மாநிலம் முழுமைக்கும் 15.6 சதவீதம்தான். சென்னைக்குள் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாதவர்கள், எல்லைக்கு வெளியே குடியேறினார்கள். 2011-ல் மாநகராட்சியின் பரப்பை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்து, சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை உள்ளே சேர்த்ததற்கும், 2022-ல் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீட்டியதற்கும் இந்த நகர்வுதான் பின்னணி. ஆகவே 'தாம்பரம் தாண்டி, ஆவடி தாண்டி எல்லாம் வளருது சார்' என்பதில் பொய் இல்லை.

சிக்கல், அந்த 39 சதவீதத்தைக் கொண்டுவந்து நாம் பார்க்கும் மனையின் மேல் ஒட்டுவதில் ஆரம்பிக்கிறது. மாவட்டக் கணக்கு என்பது பல்லாவரத்தையும் உத்திரமேரூரையும் ஒரே வரியில் கூட்டி எழுதியது. 2011-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 892 பேர்; சென்னையில் 26,553. நெருக்கியடித்துக் கிடக்கும் பல்லாவரத்துக்கு அந்த 892 பொருந்தாது. ஏரியும் வயலுமான உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பொருந்தாது. போதாக்குறைக்கு, 2019-ல் அந்த மாவட்டமே இரண்டாகப் பிரிந்து செங்கல்பட்டு தனியாகப் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சென்னை மாவட்டம் பெருத்தது. பழைய அட்டவணையில் இருக்கும் 'காஞ்சிபுரம்' இன்றைய காஞ்சிபுரமே அல்ல. சரி, சிறிய ஊராக எடுத்துக்கொண்டால் சதவீதம் உண்மை பேசுமா? அதுவும் சந்தேகம்தான். 2,000 பேர் இருந்த ஊராட்சியில் ஒரே ஒரு அடுக்குமாடி வளாகம் வந்து 4,000 பேர் குடியேறினால் வளர்ச்சி 200 சதவீதம். விளம்பரத்தில் போட அருமையான எண். அந்த வளாகம் நிரம்பியபின் ஊர் அப்படியே நின்றுவிட்டாலும் அந்த 200 அட்டவணையில் அசையாமல் இருக்கும்.

இப்போது குடும்பங்களின் எண்ணிக்கைக்கு வருவோம். வீட்டை வாங்குவது தலைகள் அல்ல, குடும்பங்கள். தமிழ்நாட்டில் 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியபோது, கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் கணக்கின்படி குடும்பங்கள் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாக, ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. ஒரு குடும்பத்தின் சராசரி அளவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. மக்கள்தொகை மெதுவாக ஏறும் பகுதியில்கூட வீட்டுக்கான தேவை வேகமாக ஏறலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. சென்னையின் பழைய பகுதிகளை 'வளர்ச்சி முடிந்த இடம்' என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்கள். கீழே அப்பா அம்மா, மாடியில் கல்யாணமான மகன், தனித்தனி அடுப்பு என்றால் ஒரே கட்டிடத்தில் இரண்டு குடும்பங்கள். அடுப்பு பிரிந்ததெல்லாம் வீட்டுச் சந்தைக்கு வந்த ஆட்கள் என்று கூட்டிவிடக் கூடாது. வார்டுவாரி அட்டவணையில் குடும்ப எண்ணிக்கைக்கும் குடியிருப்பாகப் பயன்படும் வீடுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட்டால், அங்கே வீடு போதவில்லையா, போதுமானது இருக்கிறதா என்று ஓரளவு பிடிபடும்.

வந்து சேர்கிறவர்கள் யார் என்பது அதைவிட முக்கியம். வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். 706.5 கோடி ரூபாயில் கட்டிய விடுதி. அடுத்த கணக்கெடுப்பின்போது அது நிறைந்திருந்தால் அந்த ஊரின் மக்கள்தொகை ஒரே தாவலில் எகிறும். ஆண்–பெண் விகிதமும் திகைக்கவைக்கும். அந்த எண்ணைப் பார்த்து, 'பதினெட்டாயிரம் பேர் வந்துவிட்டார்கள், பக்கத்தில் டபுள் பெட்ரூம் பிளாட் வாங்கிப்போட்டால் வாடகை கொட்டும்' என்று கணக்குப் போடுபவர் ஏமாந்துபோவார். விடுதியில் இருப்பவர்களுக்கு இடம், சாப்பாடு, வேலைக்குப் போகப் பஸ் எல்லாம் ஏற்பாடாகியிருக்கும். கணக்கெடுப்பில் விடுதிகளுக்கு 'நிறுவனக் குடும்பம்' என்று தனி வகையே இருக்கிறது. அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். திருப்பூர்க் கதை வேறு மாதிரி. 2001–2011 பத்தாண்டில் அந்த மாவட்டம் 29 சதவீதம் வளர்ந்தது. வந்தவர்களில் பெரும் பகுதி பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். அவர்கள் தேடியது வரிசையாக ஒற்றை அறைகள் கட்டிய லைன் வீடுகளை. அங்கே இடம் வாங்கி லைன் வீடு கட்டியவருக்கு அந்த வளர்ச்சி பலன் தந்திருக்கும். அதே வளர்ச்சியை நம்பி பெரிய பிளாட் வாங்கியவருக்கு அது சம்பந்தமில்லாத எண். சம்பளமும் வேலையின் தன்மையும் கணக்கெடுப்பில் நேராகக் கிடைக்காது. ஆனால் வார்டுவாரியாக ஸ்கூட்டர், கார், கணினி வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை சதவீதம், வாடகைக்கு இருப்பவர்கள் எவ்வளவு என்று பட்டியல் உண்டு. அதிலிருந்து ஆளை ஊகிக்கலாம்.

மூன்றாவது, காலி வீடுகள். இந்தப் பத்தியை ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. விற்பவர்கள் பேசாததற்கு மட்டும் காரணம் தெரிகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் இருந்த 11 கோடி கட்டிடப் பகுதிகளில் 1.11 கோடி பூட்டிக் கிடந்தன. அந்த 11 கோடியில் கடை, ஆபீஸ், கோயில் எல்லாம் சேர்த்தி. நகர வீட்டு இருப்பில் சுமார் 12 சதவீதம் காலி என்று 2017–18 பொருளாதார ஆய்வறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. வீட்டுக்கு அலைமோதும் மக்கள் ஒரு பக்கம், பூட்டிய வீடுகள் இன்னொரு பக்கம். முதலீடாக வாங்கிப் போட்டவை, வாடகைக்கு விட்டால் காலி செய்யமாட்டார்கள் என்ற பயத்தில் விடாதவை, வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை, தண்ணீரோ பஸ்ஸோ இல்லாததால் ஆள் வராதவை என்று காரணங்கள் பல. கேரளத்தில் அதே கணக்கெடுப்பில் 1.12 கோடி வீடுகளில் ஏறத்தாழ 12 லட்சம் காலி. அங்கே பத்தனம்திட்டா மாவட்டத்தில் மக்கள்தொகையே 12.34 லட்சத்திலிருந்து 11.97 லட்சமாகக் குறைந்தது. வளைகுடாப் பணத்தில் எழுந்த மாளிகைகளுக்குக் காவலாக வயதான பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் யார் என்பது கேள்விக்குறி. ஒரு வார்டில் காலி வீடுகளின் விகிதம் சுற்றியுள்ள வார்டுகளைவிட அதிகமாக இருந்தால், விற்க வேண்டிய நாளில் உங்களோடு போட்டி போட அத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று அர்த்தம். புதிதாகக் கட்டி இன்னும் குடியேறாத வீடுகளும் இந்தக் கணக்கில் வந்துவிடும் என்பதால், நேரில் போய் இரவு எட்டு மணிக்கு எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பதும் கணக்கெடுப்புதான்.

வயதைப் பற்றிச் சொன்னால், 'இன்றைக்கு வீடு வாங்குகிறவனுக்கு அது எதற்கு?' என்று கேட்பார்கள். வீட்டுக் கடன் இருபது ஆண்டுக்கு வாங்குகிறோம். இன்று முப்பத்தைந்து வயதில் வாங்குபவர் கடனை முடித்துவிட்டு விற்க நினைக்கும்போது, வாங்க வேண்டியவர் இன்று பள்ளியில் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு 2001-ல் 11.6 சதவீதம், 2011-ல் 10.3. 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள். மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். மத்திய அரசின் நிபுணர் குழு செய்த கணிப்பின்படி 2036-லும் தமிழ்நாடு 8 கோடியைத் தொடாது. அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம் என்றும் 2031-ல் 18.2 சதவீதம் என்றும் மதிப்பீடு. இதைக் கேட்டு வீடே வாங்க வேண்டாம் என்று முடிவு செய்வது அவசரம். ஆட்கள் கூடாவிட்டாலும் குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே போவதால் வீடுகளின் தேவை உடனே விழாது. எந்த மாதிரி வீட்டுக்கு, எந்த மாதிரி இடத்தில் தேவை இருக்கும் என்பது மாறும். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடி, மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம், மளிகைக்கடைக்குக்கூட வண்டி எடுக்க வேண்டும் என்ற இடங்கள் இன்று மலிவாகக் கிடைப்பதுபோலவே அன்றும் மலிவாகத்தான் போகும். எல்லா இடமும் ஒரே அளவில் ஏறும் காலம், மாநிலத்தின் மக்கள்தொகை வேகமாக ஏறிக்கொண்டிருந்த காலம். அது முடிந்துகொண்டிருக்கிறது. இனி ஒரு ஊர் வளர்ந்தால், பெரும்பாலும் இன்னொரு ஊர் தேய்ந்து வளர்ந்ததாக இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறைக் காலம் சரிசெய்துவிடும் என்று அப்பாக்கள் நம்பியதுபோல் பிள்ளைகள் நம்ப முடியாது.

தண்ணீர்தான் என் பார்வையில் முதலாவதாக வந்திருக்க வேண்டியது. வீட்டுப் பட்டியல் அட்டவணையில் ஒவ்வொரு வார்டுக்கும், குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டுக்குள்ளேயே வருகிறதா, பக்கத்திலா, தொலைவிலா என்று பிரித்திருக்கிறார்கள். நகரத்தில் நூறு மீட்டருக்குள் என்றால் 'அருகில்', அதைத் தாண்டினால் 'தொலைவில்'. கழிவுநீர் குழாய்ச் சாக்கடையில் போகிறதா, செப்டிக் டேங்கா, திறந்த கால்வாயா என்பதும் உண்டு. இந்தப் பத்தியையும் வளர்ச்சிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: ஆட்கள் வேகமாகப் பெருகிய இடமும் குழாயும் சாக்கடையும் வராத இடமும் பல நேரம் ஒரே இடம்தான். குறைந்த விலைக்காக மக்கள் முதலில் போகிறார்கள், வசதிகள் பல ஆண்டுகள் பின்னால் வருகின்றன. அந்த இடைவெளியை போர்வெல்லும் லாரித் தண்ணீரும் நிரப்புகின்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடிகள் லாரிக்குக் காத்திருந்ததை நாடே பார்த்தது. மாதத் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் மறைந்துவிடுவதால், மாதத் தவணையைக் கணக்கிடுபவர்களுக்கு வாங்கும் நாளில் அது கண்ணில் படுவதில்லை.

எதிர்ப்பக்கத் தண்ணீரைப் பற்றி, அதாவது வெள்ளத்தைப் பற்றி, கணக்கெடுப்பு வாய் திறக்காது. சொல்லப்போனால் அது தவறான திசையைக்கூடக் காட்டும். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிச் சுருங்கி, 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு 1,248 ஹெக்டேர். சுருங்கிய இடத்தில் வந்தவை வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்துக் கட்டிடங்கள். மக்கள்தொகை அட்டவணையில் அவை ஜொலிக்கும் வரிகள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் படகு ஓடியது. வளர்ச்சி எண்ணை மட்டும் வைத்து இடம் தேர்ந்தெடுக்கும் முறையை நான் எதிர்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மழைக்கால வரலாற்றை அக்கம்பக்கத்தில் விசாரித்து, வருவாய்த்துறை நிலப்பதிவுகளில் ஏரி, கால்வாய், மேய்க்கால் எங்கே இருந்தன என்று பார்த்துச் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இனி ஆட்சேபங்கள். முதலும் முக்கியமானதும் இது: இதெல்லாம் 2011 கணக்கு, வீட்டுப் பட்டியல் விவரங்கள் 2010-ல் எடுத்தவை, அதை வைத்துக்கொண்டு இன்று என்ன செய்வது? ஆட்சேபம் நியாயமானது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்தது நடக்கும் என்று 2025 ஜூனில்தான் அறிவிக்கை வந்தது. அதன் வார்டுவாரி விவரங்கள் வெளிவர மேலும் காலம் ஆகும். அதுவரை 2011-ஐ ஆரம்பப் புள்ளியாக வைத்து, அதன்மேல் புதிய அடையாளங்களை ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் ஒரு நல்ல அடையாளம். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் எந்தெந்தத் தெருக்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை என்று அச்சிட்டிருக்கும். 2021 தேர்தலில் சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. நகரம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று இதைவிடப் பளிச்சென்று சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ஓட்டை ஊரில் வைத்திருப்பவர்கள் ஏராளம்; இறந்தவர், இடம்மாறியவர் பெயர்களும் நீக்கப்படாமல் தங்கும். எனவே இதையும் தனியாக நம்பக் கூடாது. ரேஷன் கடை வாரியாகக் குடும்ப அட்டைகளின் எண்ணிக்கை, அரசுப் பள்ளியில் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகள் ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்கலாம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம். வேறு வேறு திசையைக் காட்டினால், ஏன் என்று கேட்பதே பாதித் தெளிவைத் தரும்.

இரண்டாவது ஆட்சேபம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். எல்லாருக்கும் கிடைக்கும் தகவல் ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும், பிறகு தரவு பார்த்து என்ன லாபம் என்பார்கள். மெட்ரோ ரயில் வருகிறது, பஸ் நிலையம் வருகிறது என்பவை அறிவிப்பு வந்த வாரமே விலையில் ஏறிவிடும், ஒத்துக்கொள்கிறேன். காலி வீடுகளின் விகிதமும் சாக்கடை இணைப்பும் அப்படி ஏறுவதில்லை, ஏனென்றால் விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் தேடுவதில்லை. இன்னொன்று, விலை எப்போதும் அங்கே வாழ்பவர்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து போவதும் இல்லை. நீலகிரியில் 2001-ல் 7.62 லட்சம் பேர், 2011-ல் 7.35 லட்சம். தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம். அதற்காக ஊட்டியிலும் கோத்தகிரியிலும் இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. அங்கே விலையை நிர்ணயிப்பது வெளியூர்ப் பணம். விலை எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்ல இந்த அட்டவணைகளால் முடியாது. முடியும் என்பவர்களை நம்பவும் வேண்டாம். குடியிருக்க வாங்குபவர் அடுத்த இருபது ஆண்டில் அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதற்குத்தான் இவை உதவும்.

மூன்றாவதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மக்கள்தொகைத் தரவு என்றாலே 'அங்கே யார் இருக்கிறார்கள்' என்ற கேள்விதான் பலருக்கு முதலில் வரும். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற பத்தி ஒவ்வொரு கிராமத்துக்கும் வார்டுக்கும் இருக்கிறது. அதை எந்த நோக்கத்துக்காக எடுத்தார்கள் என்பது தெரிந்ததே: இட ஒதுக்கீடும் நலத்திட்டமும். அதே பத்தியை வைத்து ஒரு தெருவை ஒதுக்குபவரைத் தடுக்க அட்டவணைக்குச் சக்தி இல்லை. அமெரிக்காவில் 1930-களில் அரசு சார்ந்த கடன் நிறுவனம் நகரங்களை வண்ணம் தீட்டி வரைபடமாக்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பில் அடங்கின, சிவப்புப் பகுதிக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று, கடன் கிடைக்காததால் அந்தப் பகுதிகள் மேலும் தேய்ந்தன. 1968-ல் சட்டம் போட்டு வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்தபிறகும் அந்தத் தழும்பு பல நகரங்களில் மாறவில்லை. நம் நாட்டில் வீட்டு விற்பனைக்கென்று அப்படி ஒரு பொதுச் சட்டமும் இல்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்றே 2005-ல் பார்சி சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'சைவம் மட்டும்' போர்டுகள் நமக்குப் பழகிப்போய்விட்டன. ஆகவே ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. குடும்பங்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, குழாய் எத்தனை வீட்டில் என்ற கேள்விகள் ஊரின் வசதியைப் பற்றியவை. அண்டைவீட்டார் என்ன சாதி, என்ன மதம் என்பதற்கும் வீட்டின் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இருப்பதாக நினைப்பவருக்கு இந்தத் தொடரில் ஆலோசனை கிடையாது.

'இதெல்லாம் நாலு இடத்தில் வாங்க வசதி உள்ளவர்களுக்கு; எங்களுக்கு பட்ஜெட்தான் இடத்தைச் சொல்கிறது' என்பது கடைசி ஆட்சேபம். உண்மைதான், பட்ஜெட் வட்டத்தைப் போட்டுவிடுகிறது. ஆனால் நாற்பது லட்சத்துக்குள் பார்ப்பவருக்கும் ஒரே ஒரு பகுதி மட்டும் வாய்ப்பதில்லை, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒன்று, திருநின்றவூர்ப் பக்கம் ஒன்று, மாதவரம் தாண்டி ஒன்று என்று குறைந்தது மூன்று இருக்கும். அந்த மூன்றில் எதைக் கழிப்பது என்பதற்குத் தரவு உதவும். கையில் காசு குறைவாக இருப்பவருக்குத்தான் இது அதிகம் தேவையும்கூட. பணக்காரர் தவறான வீட்டை விற்றுவிட்டு நகர்ந்துவிடுவார்; கடனில் வாங்கியவர் அங்கேயே இருந்தாக வேண்டும்.

நடைமுறைக்கு ஒன்று. மனையோ பிளாட்டோ பார்க்கப் போகும்போது, லேஅவுட்டின் பெயரோடு நின்றுவிடாமல், அது எந்த வருவாய்க் கிராமம், எந்த ஊராட்சி அல்லது எந்த வார்டு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிராமத்தின் பெயர் இருக்கும். விளம்பரத்தில் வரும் 'சிட்டி', 'கார்டன்', 'என்க்ளேவ்' எதுவும் அரசு அட்டவணையில் இருக்காது. கிராமத்தின் பெயரும் வார்டு எண்ணும் இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் தேட முடியாது. வார்டு எல்லைகளும் மாறியிருக்கலாம் என்பதால் 2011-ல் அந்த இடம் எந்தப் பெயரில் இருந்தது என்றும் விசாரியுங்கள். அடுத்த வாரம் வழிகாட்டி மதிப்பைப் பார்ப்போம்.